நித்திய ஜீவன் இப்பவே இருக்குன்னா எங்க இருக்கு? ஞாயிறு பள்ளியில ஒரு பாப்பா கேட்டது

ஞாயிறுபள்ளி அண்ணன் எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் சென்னையில ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில ஞாயிறு பள்ளி எடுக்கறேன், எட்டு ஒன்பது வயசுப் பிள்ளைங்க. போன வாரம் மனப்பாட வசனம் யோவான் 3:36, "குமாரனிடத்தில் விசுவாசமாயிருக்கிறவன் நித்தியஜீவனை உடையவனாயிருக்கிறான்". ஒவ்வொருத்தரா எந்திரிச்சு சொல்லிட்டு ஸ்டிக்கர் வாங்கிட்டு உக்காந்தாங்க, ஒரு பாப்பா மட்டும் சொல்லி முடிச்சிட்டும் உக்காரல. "அண்ணா, உடையவன்னா வச்சிருக்கறவன்னுதானே அர்த்தம், அப்போ உங்ககிட்ட இப்ப இருக்கா"ன்னு கேட்டுச்சு. இருக்கு பாப்பான்னேன். "எங்க, காட்டுங்க"ன்னு கையை நீட்டிடுச்சு.

வெளையாட்டுக்குக் கேக்கல, நிஜமாவே பாக்கணும்னுதான் கேட்டுச்சு. எனக்கு ஒண்ணும் ஓடல. "அது பரலோகம் போனப்புறம் தெரியும்மா"ன்னு சொல்லி உக்கார வச்சிட்டேன். அது முகம் அப்படியே வாடிப்போச்சு. அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கல, ஏன்னா வசனம் "உடையவனாயிருக்கிறான்"னு சொல்லுது, நான் "அப்புறம் கிடைக்கும்"னு சொல்லிட்டேன், பிள்ளை வசனத்தைச் சரியா வாசிச்சிருக்கு, நான்தான் மாத்திச் சொல்லியிருக்கேன்.

என்னைப் பத்திச் சொல்றேன். வயசு 36. பிறந்த குழந்தையில ஞானஸ்நானம், பதினஞ்சு வயசுல திடப்படுத்தல், பத்தொன்பது வயசுல ஒரு வாலிபர் முகாம்ல அழுது என்னை ஒப்புக்கொடுத்தேன், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. செத்தா எங்க போவேன்னு எனக்குத் தெரியும். ஆனா சாகறதுக்கு முன்னாடி? அம்மாவுக்கு ரெண்டு வருஷமா டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும், ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், நான் நைட் ஷிஃப்ட் முடிச்சு அப்படியே கூட்டிட்டுப் போய் வெளியில பெஞ்ச்ல உக்காந்திருப்பேன். வீட்டுக் கடன் ஓடிட்டிருக்கு. ஜெபம் பண்ண முழங்கால் போட்டா அங்கயே தூங்கிடறேன். நித்திய ஜீவன் எனக்குள்ள இப்பவே இருக்குன்னா நான் ஏன் இப்படிக் காஞ்சுபோய் இருக்கேன். அனுபவிக்கிறதுன்னு சொல்றாங்களே, அது எப்படி இருக்கும், யாருக்காவது நிஜமா தெரியுமா? அந்தப் பாப்பாவுக்கு அடுத்த ஞாயிறு என்ன சொல்றது? பிரசங்கம் வேணாம், உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க.


இறையியல் மாணவன் எழுதியது:

அண்ணே, அந்தப் பாப்பா கரெக்டா பிடிச்சிருக்கு. நான் இறையியல் மூணாவது வருஷம் படிக்கறேன், கிரேக்க வகுப்புல இந்த வசனத்துக்கே ஒரு நாள் முழுக்கப் போச்சு. மூலத்துல அந்த வினைச்சொல் நிகழ்காலம், பெறுவான்னு இல்ல, வச்சிருக்கான். இதைவிட பலமா ஒண்ணு இருக்கு பாருங்க, யோவான் 5:24, அங்க "மரணத்தைவிட்டு நீங்கி, ஜீவனுக்குட்பட்டிருக்கிறான்"னு இருக்கு. உட்படுவான் இல்ல. ஏற்கனவே எல்லை தாண்டி இந்தப் பக்கம் வந்து நிக்கறவனைப் பத்திச் சொல்ற மாதிரி, நடந்து முடிஞ்சு அதோட பலன் இன்னும் நீடிக்கிற ஒரு காலம் கிரேக்கத்துல உண்டு, அதுலதான் எழுதியிருக்கு. நம்ம பழைய திருப்புதல்காரங்க, அதாவது வேதாகமத்தை அந்தக் காலத்துல தமிழ்ல மொழிபெயர்த்தவங்க, அந்த "இருக்கிறான்"ஐ விடாம பிடிச்சிருக்காங்க, அதுக்கு அவங்களைப் பாராட்டணும்.

இன்னொரு விஷயம். நித்தியம்னா முடிவே இல்லாம நீண்டுக்கிட்டே போற காலம்னு மட்டும்தான் நாம நினைக்கறோம். அந்தக் காலத்து யூதங்க ரெண்டு யுகம்னு பேசுவாங்க, இந்த யுகம், வரப்போற யுகம். நித்திய ஜீவன்னு நாம சொல்றது அந்த வரப்போற யுகத்தோட வாழ்வு. இதை நம்ம வேதாகமம் எவ்வளவு அழகா இம்மை மறுமைன்னு வச்சிருக்கு பாருங்க, மாற்கு 10:30ல "மறுமையிலே நித்தியஜீவனையும்"னு வரும். மறுமையில கிடைக்கறதுன்னு மாற்கு சொல்றார், அதே மறுமையோட வாழ்வு இம்மையிலயே ஆரம்பிச்சிடுச்சுன்னு யோவான் சொல்றார். லாசரு செத்தப்போ அவன் சகோதரி மார்த்தாளும் நீங்க சொன்னதைத்தான் சொன்னா அண்ணே, என் சகோதரன் கடைசி நாள்ல எழும்புவான்னு எனக்குத் தெரியும்னு. அவ சொன்னது தப்புன்னு இயேசு சொல்லல. ஆனா அவளைக் கடைசி நாள்ல இருந்து தன் பக்கம் திருப்பிட்டார், "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்". எப்பவோ நடக்கப்போற ஒண்ணுன்னு அவ நினைச்சது அவ முன்னாடியே நின்னு பேசிட்டு இருந்துச்சு.

அப்புறம் ஜீவன்ங்கற வார்த்தை. கிரேக்கத்துல ஸோயேன்னு ஒண்ணு, ப்ஸூகேன்னு ஒண்ணு, பியோஸ்னு ஒண்ணு. ப்ஸூகேன்னா இந்த உடம்புல ஓடற உசுரு. யோவான் 12:25ல தன் ஜீவனைச் சிநேகிக்கிறவன் அதை இழந்துபோவான்னு வருதே, அங்க ப்ஸூகே, அதே வசனத்துக் கடைசியில நித்திய ஜீவகாலம்னு வர்ற இடத்துல ஸோயே, தேவன் தர்ற அந்த ஜீவன். தமிழ்ல ரெண்டுக்கும் ஜீவன்னே போட்டதால நமக்குக் குழம்பிடுது. பியோஸ்னா பிழைப்பு, அந்த ஏழை விதவை ரெண்டு காசு போட்டாளே மாற்கு 12ல, அவ போட்டது பியோஸ், தமிழ்ல அந்த இடத்துல "ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம்"னு இருக்கு. நைட் ஷிஃப்ட், வீட்டுக் கடன், ஆஸ்பத்திரி பெஞ்சு, இதெல்லாம் உங்க ஜீவனம் அண்ணே. உங்க அம்மா உடம்புல கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கறது ப்ஸூகே. இது ரெண்டும் சோர்ந்து போகுது, போகும். அது சோர்ந்து போறதால ஸோயே இல்லைன்னு ஆயிடாது. நீங்க ஜீவனத்தைப் பாத்துட்டு ஜீவன் இல்லையேன்னு வருத்தப்படறீங்களோன்னு எனக்குத் தோணுது, தப்பா இருந்தா மன்னிச்சிடுங்க, நான் சின்னவன்.


முத்துநகர் டீச்சர் எழுதியது:

தம்பி, நான் கத்தோலிக்க, தூத்துக்குடி, ரிட்டயர்டு டீச்சர். எங்க பைபிள்ல நித்திய ஜீவன்னு இருக்காது, 1995ல வந்த பொது மொழிபெயர்ப்புல "நிலைவாழ்வு"ன்னு போட்டிருக்காங்க. சின்னப் பிள்ளையில நாங்க முடிவில்லா வாழ்வுன்னு படிச்சவங்க, நிலைவாழ்வுன்னு வந்தப்போ எனக்கு முதல்ல ஒட்டவே இல்ல. எங்க வீடு கட்டும்போதுதான் அந்த வார்த்தை எனக்குள்ள இறங்குச்சு. சுவரு இடுப்பு உசரம் கூட வரல, கூரை கிடையாது, சுத்தி மணலும் ஜல்லியும், ஆனா அன்னைக்குக் கொத்தனார் நாள் பாத்து நிலை வைக்கணும்னாரு. ஃபாதரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணி வாசல் நிலையை நிறுத்தினோம். அதுவரைக்கும் அது வெறும் மனை தம்பி, நிலை நின்ன பிறகு எல்லாரும் அந்த நிலை வழியாத்தான் உள்ள போனாங்க, சுத்தி எந்தப் பக்கமும் திறந்துதான் கிடந்துச்சு, இருந்தாலும் நிலை வழியாத்தான் போனாங்க. வீடு முடியல, ஆனா வீடு ஆயிடுச்சு. மொழிபெயர்த்தவங்க இதை நினைச்சுப் போட்டிருக்க மாட்டாங்க, அவங்க நிலைச்சிருக்கறதைச் சொல்லியிருக்காங்க, எனக்கு இப்படித்தான் பட்டுச்சு. நானே வாயில்னு ஆண்டவரும் சொல்லியிருக்காருல்ல.

நீங்க யோவான் 17:3 வாசிங்க. உம்மையும் நீர் அனுப்பிய இயேசு கிறிஸ்துவையும் "அறிவதே நிலைவாழ்வு"ன்னு அவரே சொல்றாரு. சிலுவைக்கு முந்தின ராத்திரி, அப்பாகிட்ட பேசிட்டிருக்கும்போது சொல்றாரு. நிலைவாழ்வுன்னா என்னன்னு கேட்டா ஒரு இடத்தைச் சொல்லல, ஒரு காலத்தைச் சொல்லல, அறியறதுன்னு சொல்லிட்டாரு.

இந்த அறியறதை நான் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்னா, நம்ம பேச்சுல "தெரியும்"னு ஒண்ணு இருக்கு, "பழக்கம்"னு ஒண்ணு இருக்கு. கலெக்டரை எனக்குத் தெரியும், பேப்பர்ல படம் பாத்திருக்கேன். அடுத்த வீட்டு அக்கா எனக்குப் பழக்கம். பழக்கம்னா என்ன, அவங்க வீட்டுக்குள்ள அடுக்களை வரைக்கும் போவேன், அவங்க குரல் மாறுனா மனசு சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சிடும், அவங்க இல்லாத நேரம் அவங்க கோழிக்கு நான் தீனி போடுவேன். அறிவதே நிலைவாழ்வுன்னா அவரோட பழக்கம்தான் நிலைவாழ்வு. பழக்கம் செத்த பிறகு ஆரம்பிக்காது தம்பி, இங்க பழகணும். செத்த பிறகு அந்தப் பழக்கம் அறுந்து போகாது, அவ்வளவுதான்.

ஜெபத்துல தூங்கிடறேன்னு வருத்தப்பட்டிருக்கீங்க. எனக்குக் கல்யாணம் ஆகி 34 வருஷம். எங்க வீட்டுக்காரரு சாயங்காலம் வந்து திண்ணையில உக்காருவாரு, நான் பக்கத்துல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுட்டிருப்பேன், ஒரு மணி நேரம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். புதுசா கல்யாணம் ஆனவங்க பாத்தா ஏதோ சண்டைன்னு நினைப்பாங்க. அவர் பக்கத்துல நான் தூங்கியும் போயிருக்கேன். ராத்திரி முழுக்க வேலை பாத்துட்டு வந்த பிள்ளை அப்பா பக்கத்துல தூங்கிடுச்சுன்னா எந்த அப்பா கோவப்படுவாரு?


இறையியல் மாணவன் எழுதியது:

டீச்சர், நிலை வைக்கிறதைச் சொன்னீங்களே, அதை வாசிச்சிட்டுப் பழைய திருப்புதலை எடுத்துப் பாத்தேன், யோவான் 15ல எங்களுக்கு "என்னில் நிலைத்திருங்கள், நானும் உங்களில் நிலைத்திருப்பேன்"னு இருக்கு. உங்க பைபிள்ல அந்த இடம் இணைந்திருங்கள்னு இருக்கும்னு நினைக்கறேன். உங்க நிலைவாழ்வும் எங்க நிலைத்திருத்தலும் ஒரே நிலைதான், இதை இத்தனை நாள் சேத்துப் பாக்கல. அப்புறம் 17:3ல அறியறதுன்னு வர்ற வினை ஒரு தடவை அறிஞ்சு முடிக்கிறதைச் சொல்லல, அறிஞ்சுக்கிட்டே இருக்கறதைச் சொல்லுது. நீங்க பழக்கம்னு சொன்னதுக்கு இது ரொம்பப் பொருந்துது.


அமைதியான வாசகி எழுதியது:

எனக்கும் இதே கேள்விதான், பல வருஷமா. உணர்வே இல்லாதவங்களுக்கு யாராவது சொல்லுங்க. ஆராதனையில எல்லாரும் அழறாங்க, எனக்கு அழுகை வராது, அப்போ எனக்குள்ள ஜீவன் இல்லையோன்னு பயமா இருக்கும்.


ஈரோடு மண்டி எழுதியது:

பிரைஸ் த லார்ட் பிரதர். நான் ஒரு பெந்தெகொஸ்தே சபை, மஞ்சள் வியாபாரம். மேல சொன்னதெல்லாம் நல்லா இருக்கு, எனக்கு எதிர்ப்பு இல்ல, ஆனா ஒரு விஷயம் சொல்லாம விட்டா தப்பாயிடும்னு எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

என் சம்சாரத்துக்கு மார்புல புற்றுநோய் வந்துச்சு. அப்போ எங்களுக்குப் பழக்கமான ஒரு ஜெபக்குழு வீட்டுக்கு வரும். அவங்க சொல்லுவாங்க, நித்திய ஜீவன் இப்பவே உங்களுக்குள்ள ஓடுது சிஸ்டர், அந்த ஜீவன் இருக்கற உடம்புல வியாதி தங்கவே கூடாது, தங்குதுன்னா விசுவாசத்துல எங்கயோ ஓட்டை இருக்குன்னு. அவ ராத்திரியெல்லாம் உக்காந்து ஓட்டை எங்க இருக்குன்னு தேடுவா பிரதர். சின்ன வயசுல பொய் சொன்னது, மாமியாகிட்ட எதிர்த்துப் பேசினது எல்லாம் எழுதி வச்சு ஒண்ணொண்ணா அறிக்கை பண்ணுவா. கீமோல முடி கொட்டின வலியைவிட அதுதான் அவளைத் தின்னுச்சு. 14 மாசம் இருந்தா.

அவ போனப்புறம் நான் வேதத்தை ஒரு வரி விடாம வாசிச்சேன், கோவத்துலதான் வாசிச்சேன். ரெண்டு தீமோத்தேயு ரெண்டாம் அதிகாரத்துல வந்து நின்னேன். இமெநேயு, பிலேத்துன்னு ரெண்டு பேர், அவங்க சொன்னது என்னன்னா உயிர்த்தெழுதல் நடந்தாயிற்றுன்னு. எல்லாம் இப்பவே வந்தாச்சு, இனி வரவேண்டியது ஒண்ணும் இல்லைன்னு. அவங்க வார்த்தை "அரிபிளவையைப்போலப் படரும்"னு பவுல் எழுதறார். அரிபிளவைன்னா என்னன்னு எங்க அப்பாகிட்ட கேட்டேன், சதையை அரிச்சுக்கிட்டே போற புண்ணுடா, அந்தக் காலத்துல புற்றுக்குக் கூட அப்படித்தான் சொல்லுவாங்கன்னார். அன்னைக்கு நான் அழுத அழுகை, அடக்கத்தன்னைக்குக் கூட அழுகல.

அதனால இப்பவே இருக்குன்னு சொல்றப்போ, இன்னும் வரவேண்டியது இருக்குங்கறதையும் சேத்தே சொல்லணும் பிரதர். அந்தப் பாப்பாகிட்டயும். இதுக்கு வேதத்துலயே எங்க தொழில் வார்த்தை ஒண்ணு இருக்கு. எபேசியர் 1:14, ஆவியானவர் நம்முடைய சுதந்தரத்தின் "அச்சாரமாயிருக்கிறார்". சுதந்தரம்னா இங்க விடுதலை இல்ல, நமக்கு வரவேண்டிய சொத்து. நாங்க மண்டியில தினம் பாக்கறது. அச்சாரம்னா வெறும் வாக்கு இல்ல, தரேன் தரேன்னு வாயால சொல்றதுக்கு யாரும் அச்சாரம்னு சொல்ல மாட்டாங்க. கையில நிஜப் பணம் வரணும். முழுப்பணம் எந்த ரூபாயில வருமோ அதே ரூபாய்தான் அச்சாரமும், வேற தினுசுப் பணம் கிடையாது. ஆனா அச்சாரம் வாங்கினவன் முழுப்பணமும் வந்தாச்சுன்னு நடக்க மாட்டான், கிரயம் இன்னும் முடியல. அதேசமயம் அச்சாரம் கைக்கு வந்தவன் இந்த வியாபாரம் நடக்குமா நடக்காதான்னு ராத்திரி முழிச்சுக்கிட்டும் இருக்க மாட்டான். இப்ப எனக்குள்ள இருக்கறது பரலோகத்துல இருக்கப்போற அதே ஜீவன், வேற இல்ல, ஆனா முழுசு இல்ல. அவ உடம்பு மண்ணுல இருக்கு. அது எழும்பணும். அது எழும்பற வரைக்கும் எல்லாம் கிடைச்சிடுச்சுன்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா ஒண்ணு நான் பாத்தேன். கடைசி ரெண்டு மாசம் அவ அந்த ஓட்டை தேடறதை விட்டுட்டா. எப்படின்னு எனக்குத் தெரியல, ஒரு நாள் காலையில அந்த நோட்டை எடுத்து என் கையில குடுத்து அடுப்புல போடச் சொன்னா. அப்புறம் கட்டில்ல படுத்துக்கிட்டே எதிர்வீட்டுப் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டியாச்சான்னு விசாரிப்பா, வேலைக்கு வர்ற அம்மாவுக்கு முதுகுவலின்னு தன்னோட தைலத்தை எடுத்துக் குடுப்பா, ராத்திரி என்னைத் தூங்கச் சொல்லி என் தலையைத் தடவிவிடுவா, அந்தக் கையில எலும்பு மட்டும்தான் இருந்துச்சு. "எங்கள் புறம்பான மனுஷனானது அழிந்தும், உள்ளான மனுஷனானது நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது"ன்னு வாசிப்போம்ல, நான் அதைக் கண்ணால பாத்தவன். அந்த ரெண்டு மாசம் எங்க வீட்டுல இருந்தது என்னன்னு கேட்டா நித்திய ஜீவன்னு சொல்லுவேன். வியாதி போகல.

அமைதியான வாசகி சிஸ்டர், அவளும் அழல. அந்த ரெண்டு மாசம் அவளுக்கு அழுகையும் வரல, ஆனந்தமும் பொங்கல. எலும்பு வலின்னுதான் சொல்லிட்டு இருந்தா. நீங்க பயப்படாதீங்க.


களக்காட்டுக்காரி எழுதியது:

ஈரோடு அண்ணாச்சி, உங்க பதிவை வாசிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்துட்டேன். கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக.

நான் நர்ஸ், சொந்த ஊரு களக்காடு பக்கம். எங்களுக்கு டோனாவூர் பக்கத்துலதான். ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பத்தி எல்லாரும் கேட்டிருப்பீங்க, கோயில்கள்ல விடப்பட்ட பெண் பிள்ளைங்களைக் காப்பாத்தி டோனாவூர்ல வச்சு வளத்தவங்க. 1895ல இந்தியாவுக்கு வந்தவங்க ஒரு தடவை கூட சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகல. அவங்க ஓடியாடி செஞ்ச வேலையைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. எங்க ஆச்சி வேற கதை சொல்லுவாங்க. 1931ல எங்க களக்காட்டுல ஒரு வீட்டைப் பாக்க வந்தப்போ குழியில விழுந்து காலு உடைஞ்சுது, அதுக்கப்புறம் அவங்க நல்லா நடமாடவே இல்ல. 1951ல இறந்தாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க, கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் அந்த ஒரே ரூம்ல. வலியோட. அங்க இருந்துதான் எழுதினாங்க, பிள்ளைங்க ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு வச்சுப் பேசினாங்க. கல்லறைக்கு மேல கல் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, பிள்ளைங்க பறவை தண்ணி குடிக்கற தொட்டி ஒண்ணு வச்சு "அம்மா"ன்னு மட்டும் எழுதியிருக்காங்க. நான் சின்னதுல போய்ப் பாத்திருக்கேன்.

இதை ஏன் சொல்றேன்னா, அவங்க அந்த இருபது வருஷமும் சந்தோஷமாவே இருந்தாங்கன்னு சொல்ல வரல. வலியில தூங்காத ராத்திரி எத்தனையோ இருந்திருக்கும். நான் நர்ஸ், எனக்கு அந்த வலி தெரியும். ஆனா அந்தப் படுக்கையைச் சுத்தி இருந்தவங்களுக்கு ஜீவன் கிடைச்சுது. அண்ணா, பாப்பா காட்டுங்கன்னு கேட்டுச்சுல்ல, அதுக்கு யோவானே பதில் எழுதி வச்சிருக்காரு, முதலாம் நிருபம் 3:14. "நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்". மேல இறையியல் தம்பி சொன்ன 5:24ல இருக்கற அதே வார்த்தைகள், மரணத்தைவிட்டு நீங்கி. சுவிசேஷத்துல அது நடந்துச்சுன்னு சொல்றாரு, நிருபத்துல அது நடந்துச்சுன்னு எதை வச்சுத் தெரிஞ்சுக்கலாம்னு சொல்றாரு. கண்ணீரை வச்சுன்னு சொல்லல. அன்பு வச்சிருக்கறதை வச்சு. அமைதியான வாசகி அக்கா, நீங்களும் அங்க தேடிப் பாருங்க, அழுகையில தேடாதீங்க.

நானும் டயாலிசிஸ் யூனிட்ல நாலு வருஷம் வேலை பாத்தேன். வெளியில பெஞ்ச்ல உக்காந்திருக்கறவங்களை நான் தினமும் பாப்பேன். முதல் ஆறு மாசம் கூட ரெண்டு மூணு பேர் வருவாங்க, அப்புறம் ஒருத்தர், ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஆச்சுன்னா பேஷன்ட் தனியா ஆட்டோல வருவாங்க. ரெண்டு வருஷமா, நைட் ஷிஃப்ட் முடிச்சு, தூங்காம, வாரம் ரெண்டு நாள் அந்த பெஞ்ச்ல ஒரு மகன் உக்காந்திருக்கான்னா அந்த அன்பு எங்க இருந்து வருதுன்னு நினைக்கறீங்க? உங்களுக்கு அது காஞ்சுபோன மாதிரி தெரியுது. உள்ள படுத்திருக்கற அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. யூனிட்ல விட்டாங்கன்னா கொஞ்ச நேரம் உள்ள போய் பக்கத்துல உக்காருங்க, ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போட ரத்தக்குழாயை இணைச்சு வச்ச இடம்) இல்லாத கையைப் பிடிச்சுக்கலாம், ஊசி இருக்கற கையை அசைக்க வேணாம். அங்கயே ஆண்டவரோட பேசுங்க. முழங்கால் போட்டாத்தான் ஜெபம்னு இல்ல.


ஞாயிறுபள்ளி அண்ணன் எழுதியது:

ஒம்போது நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். எல்லா பதிலையும் ஆஸ்பத்திரி பெஞ்ச்ல உக்காந்துதான் வாசிச்சேன், ஈரோடு அண்ணன் எழுதினதை ரெண்டு தடவையாத்தான் முடிக்க முடிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை வகுப்புல முதல் வேலையா அந்தப் பாப்பாவைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டேன், போன வாரம் அண்ணன் தப்பா சொல்லிட்டேன், நீ வாசிச்சதுதான் சரி, இப்பவே இருக்குன்னு. அது உடனே "அப்போ காட்டுங்க"ன்னுச்சு, மறக்கவே இல்ல. நான் பழக்கத்தைப் பத்திச் சொன்னேன், டீச்சர் சொன்ன அடுத்த வீட்டுக் கோழியைச் சொன்னேன், பிள்ளைங்களுக்கு அது நல்லா புரிஞ்சுது, ஒரு பையன் எங்க மாடி வீட்டு தாத்தா எனக்குப் பழக்கம், அவருக்கு நான்தான் தண்ணி கேன் தூக்குவேன்னான். அச்சாரத்தையும் சொன்னேன், அதை அட்வான்ஸ்னு சொன்னாத்தான் பிள்ளைங்களுக்குத் தெரியுது. மிச்சம் எப்போ வரும்னு கேட்டாங்க. இயேசு வரும்போது, செத்தவங்க எல்லாம் எழும்பும்போதுன்னு சொன்னேன். அப்போ அந்தப் பாப்பா ரொம்ப மெதுவா, "எங்க தாத்தாவுமா"ன்னு கேட்டுச்சு. அவங்க தாத்தா இந்த வருஷம் லெந்து நாட்கள்ல, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல, இறந்துட்டாருன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. வகுப்பு முடிஞ்சப்புறம் அவங்க அம்மா சொல்லித்தான் தெரிஞ்சுது. அது காட்டுங்கன்னு கேட்டது எதுக்குன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு, நான் அதைப் பரலோகம் போனப்புறம் தெரியும்னு சொல்லி உக்கார வச்சிருக்கேன். தாத்தாவுந்தான்னு சொன்னேன். அது தலையை ஆட்டிட்டுப் போய் உக்காந்துச்சு.

நேத்து செவ்வாய்க்கிழமை. நர்ஸ் சிஸ்டர் சொன்ன மாதிரி யூனிட்ல கேட்டேன், கடைசி ஒரு மணி நேரம் உள்ள உக்காரலாம்னு விட்டாங்க. அம்மா கண்ணை மூடி இருந்தாங்க. ஃபோன்ல யோவான் 17 எடுத்து மெதுவா வாசிச்சேன், மெஷின் சத்தத்துல கேக்குதோ இல்லையோன்னு. மூணாம் வசனம் வந்தப்போ நிறுத்திட்டேன், தொண்டை அடைச்சிடுச்சு. அம்மா கண்ணைத் திறக்காமலே, ஏம்ப்பா நிறுத்திட்ட, மறுபடி முதல்ல இருந்து வாசின்னாங்க. முதல்ல இருந்து வாசிச்சேன்.